பக்கம் புரட்டுகிறவள்

இசைக்குழுவில் அவளுக்குப் புரட்டக்கா என்று பெயர். அவள் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரையோ ஏமாற்றியதால் வந்த பெயர் இல்லை. ஏமாந்ததால் வந்த பெயர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அது புரிய வேண்டுமானால் வயலின்காரர்கள் உட்காரும் விதம் தெரிய வேண்டும். அவர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரே ஸ்டாண்ட், அதில் ஒரே இசைத்தாள். அரங்கத்தைப் பார்த்த பக்கம் இருப்பது வெளி நாற்காலி, மற்றது உள் நாற்காலி. தாளின் கடைசி வரி நெருங்கும்போது வெளி நாற்காலிக்காரர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருப்பார். உள் நாற்காலிக்காரர்தான் வில்லை எடுத்துவிட்டு, கையை நீட்டி, பக்கத்தைப் புரட்டி, மறுபடி ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டும். எல்லா ஊர் இசைக்குழுவிலும் இதுதான் வழக்கம். இதில் யாருக்கும் அவமானம் இல்லை என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளி நாற்காலிக்காரர்கள்.

அவள் இரண்டாம் வயலின் வரிசையில் உள் நாற்காலி. வெளி நாற்காலியில் இருப்பது அவள் கணவன். பக்கம் முடியும்போதெல்லாம் அவன் உதட்டை அசைக்காமல் "புரட்டு" என்பான். பொய்யும் புரட்டும் என்று சொல்கிறோமே, அந்தப் புரட்டுக்கும் இதே எழுத்துகள்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவள் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பொருளில் என்று யோசிக்க ரொம்ப காலம் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவள் அப்பா துணிக்கு இஸ்திரி போடுகிறவர். வீட்டில் பாட்டும் கிடையாது, பாட்டைப் பற்றிய பேச்சும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வயலினைக் கையில் கொடுத்தார், அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவ்வளவுதான் ஆரம்பம். இசைக் கல்லூரியில் அவளும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே ஸ்டாண்ட். அப்போது வெளி நாற்காலிக்கு இருவரும் காசு சுண்டிப் பார்ப்பார்கள். "போடா, இன்னிக்கு நான்தான் வெளிய" என்று அவள் அவனை இடித்துத் தள்ளியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காதலித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இனிமே வாடா போடா எல்லாம் வேண்டாம்மா, நாலு பேர் காதுல விழுந்தா நல்லா இருக்காது" என்றார். அவளும் "நீங்க" என்று மாற்றிக்கொண்டாள். அதோடு காசு சுண்டுவதும் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

இருவரும் ஒரே நாளில் இசைக்குழுவில் சேர்ந்தார்கள். மேனேஜர் ஸ்டாண்டைக் காட்டி, "புருஷன் பொண்டாட்டிதானே, யார் எங்க உக்காந்தா என்ன?" என்றார். கணவன் போய் வெளியே உட்கார்ந்தான்.

வீட்டிலும் அப்படித்தான் அமைந்தது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கதவு இருக்கும் அறையில் அவன் சாதகம் செய்வான். அவள் சமையலறையில், குழந்தை தூங்கும்போது, வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல், சத்தத்தை அமுக்கும் ரப்பர் மியூட்டை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். அந்த மியூட்டைப் போட்டால் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது. பெண் வளர்ந்து, படித்து, வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகும் மியூட் மட்டும் போகவில்லை. பழகிவிட்டது.

இந்த வருடம் குழு ஒரு புதிய படைப்பை எடுத்தது. பெயர் 'முளைக்காத வருஷம்'. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய ஒரு புராணத்தை வைத்து முழு இசைக்குழுவுக்கும் எழுதியது. கதை இதுதான். பயிர் பச்சைக்கெல்லாம் தாயான ஒரு தெய்வம். அவளுக்கு ஒரே பெண். பாதாளத்து அரசன் பூமியைப் பிளந்துகொண்டு வந்து அந்தப் பெண்ணைத் தூக்கிப் போய்விடுகிறான். தாய் எங்கெங்கோ தேடி அலைகிறாள். கடைசியில்தான் தெரிகிறது, பெண்ணைப் பெற்ற அப்பனே அந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியிருக்கிறான் என்று. பெண்ணையும் கேட்கவில்லை, தாயையும் கேட்கவில்லை. தாய்க்கு ஆத்திரம் வருகிறது. பூமியில் ஒரு விதைகூட முளைக்கக் கூடாது என்று நிறுத்திவிடுகிறாள்.

அந்த ஆத்திரம் மூன்றாம் பகுதியில் வருகிறது. முதல் வயலின்கள் சும்மா இருக்கும். குழல்கள், கொம்புகள், முரசுகள் எல்லாம் சும்மா இருக்கும். இரண்டாம் வயலின்கள் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். எப்போதும் அடுத்தவர் பாட்டுக்குத் துணைபோகிற வரிசைக்கு இப்படி ஓர் இடம் அமைவது அபூர்வம். அவள் தாளை வாங்கியதும் அந்த இடத்தைத்தான் தேடினாள்.  அது பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குத் தாவியது. தாய் வாயைத் திறக்கிற அந்த நேரத்தில் உள் நாற்காலிக்காரர்கள் எல்லோரும் வில்லை வைத்துவிட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒத்திகையில் அப்படியே நடந்தது. கணவன் "புரட்டு" என்றான். புரட்டினாள். திரும்பி வந்து சேர்வதற்குள் ஆத்திரத்தில் பாதி முடிந்திருந்தது.

குழுவை நடத்துகிறவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். "டிக்கெட்தான் குடுக்க மாட்டாரே தவிர, 'உள்ள போ, உள்ள போ'ன்னு நல்லா விரட்டுவாரு" என்று கொம்பு வாசிக்கிற கொம்பன் சொல்லாத நாள் இல்லை. அந்தக் கண்டக்டர் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் கம்மியா. ஒரு தாய் விசும்புற மாதிரி" என்றார். அவள் தாளைப் பார்த்தாள். அதில் 'உரக்க' என்றுதான் போட்டிருந்தது. 

இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் கொம்பன் அவளை மடக்கினான்.

"ஏன்க்கா, நீங்க இப்படிப் பண்ணலாமா? தானா வர்ற முன் நாற்காலியை வேண்டாம்னுட்டீங்களாமே?"

"எந்த முன் நாற்காலி?"

"இதென்னக்கா, என் வாயைப் பிடுங்குறீங்க. நம்ம தலைவியம்மா ஊரைவிட்டுப் போயிட்டாங்கல்ல, இரண்டாம் வயலினுக்குத் தலைமை. கண்டக்டர் முதல்ல உங்களைத்தான் கேட்டாராம். நீங்க கூச்சப்பட்டு ஒதுங்கிட்டீங்கன்னு சொல்லித்தான் அந்த நெட்டைப் பொண்ணை உக்கார வெச்சாங்க."

"என்னை யாரும் கேக்கலியே."

கொம்பன் காபியை ஊதுவதை நிறுத்தினான். "அண்ணன்கிட்ட கேட்டாராம்க்கா. மாடிப்படியில வெச்சு. அண்ணன்தான்…" என்று இழுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நான் வாயைத் தொறந்திருக்கவே கூடாது. கொம்பு ஊதுறவனுக்கு இதான் கஷ்டம்" என்று நழுவினான்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். குடியிருப்பின் லிஃப்டில் கதவு மூடியதும் கேட்டாள்.

"கண்டக்டர் என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன கேட்டார்?"

"எப்போ?"

"மாடிப்படியில."

அவன் லிஃப்டின் எண்களைப் பார்த்தான். "ஓ, அதுவா. சும்மா பேச்சுவாக்குல கேட்டார். அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது சார், கூச்ச சுபாவம், என் பக்கத்துலேயே இருக்கட்டும்னு சொன்னேன். ஏன்?"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப? வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப. அதை நான் முன்னாடியே சொல்லிட்டேன். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு."

லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. அவர்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தாத்தா ஏறினார். இருவரும் அவருக்குச் சிரித்தார்கள். அடுத்த மாடியில் அவர் இறங்கும்வரை சிரித்த முகத்தோடேயே நின்றார்கள். கதவு மறுபடி மூடியது.  அவள் எதற்கு வேண்டாம் என்பாள் என்று அவனுக்குத் தெரியுமாம். அவள் அதை இன்னும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் பதில் போய்விட்டது.

அவன் நண்பனைப் பார்க்க வெளியே போனான். அவள் வயலினை எடுத்தாள். பழக்கத்தில் கை மியூட்டை மாட்டப் போனது. ஒரு நிமிடம் அந்த ரப்பர்த் துண்டைப் பார்த்தாள். அதைச் சன்னலுக்கு வெளியே வீசி எறிந்தாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, தான் ஒருமுறைகூட முழுதாக வாசித்திராத அந்த இடத்தை வாசித்தாள். முதலில் விரல் தடுமாறியது. அவள் சத்தமே அவளுக்குப் பயமாக இருந்தது. மறுபடி வாசித்தாள். தாளைப் பார்க்காமல் வரும்வரை வாசித்தாள். வில்லின் மயிர் அறுந்து தொங்கத் தொங்க வாசித்தாள்.

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுத் தாத்தா.

"சார் இல்லியாம்மா? இன்னிக்கு ரொம்ப ஆவேசமா வாசிக்கிறார், உடம்புக்கு எதுவும்…"

"அவர் இல்ல தாத்தா. நான்தான்."

அவர் அவளையும் அவள் கையில் இருந்த வில்லையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயும் வாசிப்பியாம்மா? சார் மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தனை வருஷமா."

அவர் நல்ல மனுஷர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுருக்கென்று தைத்தது. அவர் போன பிறகு அவள் கதவில் சாய்ந்து நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பல்லைத்தான் கடித்தாள்.

மறுநாள் காலை கடைசி ஒத்திகை. அரங்கத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, துப்புரவுக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பகுதி வந்தது. குழல்கள் அடங்கின. கொம்பன் கொம்பை மடியில் வைத்துக்கொண்டான். இரண்டாம் வயலின்கள் கடைசி வரிக்கு வந்தன.

"புரட்டு" என்றான் கணவன்.

அவள் வில் நிற்கவில்லை.

"ஏய், புரட்டு!"

"நீயே புரட்டுடா."

முன் வரிசை வரைக்கும் அது கேட்டது. அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். "நீயே" என்றதற்குத் திகைத்தானா, அந்த "டா"வுக்குத் திகைத்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது. பக்கம் முடிந்தது. அவனால் கையை நீட்டி அதைத் தானே புரட்டியிருக்க முடியும். தோன்றவில்லை. வில்லை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, பக்கம் தானாகத் திரும்பும் என்பதுபோல முடிந்துபோன வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற ஸ்டாண்டுகளில் உள் நாற்காலிக்காரர்கள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வரிசையின் சத்தத்துக்கு மேலே அவள் சத்தம் ஒற்றையாக எழுந்தது. அது அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. கரகரப்பாக, கூர்மையாக, யாரோ கதவை நகத்தால் பிறாண்டுவதுபோல இருந்தது.

கண்டக்டர் கையைத் தட்டி நிறுத்தினார். "பின்னாடி யாரு அது?"

"நான்தான் சார்."

"நீங்களா?" அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அம்மா, அது ஒரு தாய் அழுகிற இடம்."

"அழலை சார். அவ பொண்ணை அவளுக்கே தெரியாமக் குடுத்துட்டாங்க. விதையெல்லாம் அப்படியே மண்ணுக்குள்ள நின்னுபோகுது. விசும்பினா நிக்குமா? தாள்லயும் உரக்கன்னுதான் இருக்கு."

"எப்படி வாசிக்கணும்னு நான் சொல்றேன். அதுக்குத்தான் என்னை இங்க ஏத்தி நிறுத்தியிருக்காங்க." அவர் குரலும் ஏறியது. "இவ்வளவு பேசுறவங்க முன் நாற்காலிக்குக் கூப்பிட்டப்போ வந்திருக்கலாமே. கூச்சம்னு சொன்னீங்களே?"

"நான் சொல்லலை. என்னைக் கேக்கவே இல்லை."

 முன் நாற்காலியில் இருந்த நெட்டைப் பெண் தன் காலைப் பார்த்துக்கொண்டாள், அது என்னவோ அவள் செய்த தப்பு மாதிரி. கணவன் பல்லுக்குள் பேசினான்: "வீட்டு விஷயத்தை இங்க இழுக்காத."

"வீட்டு விஷயமா? நாற்காலி வீட்லயா இருக்கு? இங்கதானே இருக்கு?"

கொம்பன் இருமினான். சிரிப்பை மறைக்கிற இருமல். கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாயங்காலம் கச்சேரி. சண்டைக்கு நேரமில்லை. "சரி. நீங்க ரெண்டு பேரும் இடம் மாத்தி உக்காருங்க. அவங்க வெளிய. நீங்க உள்ள. மூணாம் பகுதி ஆரம்பத்துல இருந்து."

கணவன் எழுந்திருக்கவில்லை. "சார், நான் எப்படி…"

"உள்ள போங்க" என்றார் கண்டக்டர். குழுவே வெடித்துச் சிரித்தது, அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

இடம் மாறினார்கள். கடைசி வரி வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவனே கையை நீட்டினான். விரலை நனைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. அவன் பதறாமல் புதிய பக்கத்தைப் பார்த்துத் தெம்பாக வாசிக்கத் தொடங்கினான். அது நாலாம் பகுதி, பெண் திரும்பி வந்து ஊரே கதிர் அறுக்கிற கொண்டாட்டம்.

"அண்ணே!" என்றான் கொம்பன் பின்னாலிருந்து. "விதையே இன்னும் முளைக்கலை, நீங்க அறுப்புக்குப் போயிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள், துப்புரவுக்காரர்கள்கூட. அவள் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்ததைப் பார்த்தாள். ஒரு காலத்தில் அந்தக் காது சிவந்தால் அவள் மனசு இளகும். இப்போது அவள் நினைத்தது வேறு. ஒருமுறை சிரித்ததற்கே இப்படிச் சிவக்கிறதே, நான் எத்தனை முறை புரட்டியிருப்பேன்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்தது. வெளியூரில் இருக்கும் பெண் போன் செய்து, "அம்மா, அப்பா என்கிட்ட புலம்புறார், நீ மேடையில சண்டை போட்டியாமே?" என்றாள். "ஆமா" என்றாள் இவள். "நல்லா போட்டியா?" என்றாள் பெண். அதற்குள் கச்சேரி தொடங்கும் மணி அடித்துவிட்டது.

மூன்றாம் பகுதி வந்தது. கணவன் இந்தமுறை முன்கூட்டியே விரலை நனைத்துக்கொண்டு, ஒற்றைத் தாளைப் பிடித்துத் தயாராக இருந்தான். பயத்தில் செய்தானோ அக்கறையில் செய்தானோ, புரட்டியது சரியாக இருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண்டக்டரின் இடது கை தாழ்ந்தது. கம்மி, கம்மி என்றது அந்த உள்ளங்கை. அவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். வில்லை இன்னும் அழுத்தினாள். வரிசையின் முன்னால் நெட்டைப் பெண் ஒருமுறை தலையைத் திருப்பினாள். பிறகு அவளும் தோளை முன்னால் சாய்த்து இழுத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் இழுத்தார்கள். உள்ளங்கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கண்டக்டர் அதை மடக்கிக்கொண்டார். கேட்கிறவர்களின் முன்வரிசையில் யாரோ கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டார்கள்.

கச்சேரி முடிந்ததும் கண்டக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். கணவனும் கூடவே வந்து கதவருகே நின்றான். கண்டக்டர் வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்னதைக் கேக்கலை நீங்க."

"ஆமா சார்."

"எனக்குக் கோபம்தான். அதை மறைக்கலை. எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா நான் எதுக்கு?" அவர் தண்ணீர் குடித்தார். "ஆனா அந்தப் பொண்ணுக்கு முன் நாற்காலி தற்காலிகமாத்தான் குடுத்திருக்கு. அடுத்த மாசம் தேர்வு வைக்கணும். அவளும் எழுதிக் குடுத்திருக்கா. இவங்களும்…" என்று சொல்லிக்கொண்டே அவர் கண் கதவுப் பக்கம் போனது. கணவன் பக்கம்.

கணவன் தொண்டையைச் செருமினான். "சார், இவளுக்கு வந்து…"

"நீங்க இருங்க" என்றாள் அவனிடம். பிறகு கண்டக்டரைப் பார்த்து, "சார், நான் இங்க நிக்கிறேன்" என்றாள்.

கண்டக்டரின் கண் திரும்பி வந்தது. "மன்னிச்சிக்குங்க. பழக்கம்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேர்வுக்கு நீங்க வர்றீங்களா?"

பதில் அவளிடம் தயாராக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. ஒரு ஆள் நாற்காலியிலும் ஒரு ஆள் கதவருகிலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆறினால் பரவாயில்லை என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

"வர்றேன்" என்றாள், போதும் என்று தோன்றிய பிறகு. "அந்தப் பொண்ணும் நல்லா வாசிக்கிறா சார். என்கிட்ட தோத்தா அவளுக்குக் கஷ்டமா இருக்கும். நானும் வர்றேன்னு அவளையும் நீங்களே நேராக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க."